யாரும் எழுதாத துண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒருவருடைய பெயரும் வராது. மரியாதைக்காக அல்ல, பயத்துக்காக. இருபத்திரண்டு வயதில் ஒரு பின்னேரம் கல்முனைக் கடற்கரையில் மைக்கைப் பிடித்து நான் ஒரு பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து யாருடைய பெயரையும் நான் வாயால் சொல்வதில்லை. என் பிள்ளைகளைக்கூட "இஞ்ச வா", "அங்க போ" என்றுதான் கூப்பிடுகிறேன். மனைவி கேட்டால் அது பாசம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய காலம். எங்கள் பாட்டுக்குழுவில் ஐந்து பேர். சொந்தமாக ஒரு பாட்டும் கிடையாது. வானொலியில் வருவதைக் கேட்டுக் கொப்பியில் எழுதி, அதையே திருப்பிப் பாடுவோம். சினிமாப் பாட்டு, துள்ளிசை, கடைசியில் கூட்டம் ஆடுவதற்கு இரண்டு பைலா. கிற்றார் வாசித்தவர் கிறிஸ்தவர், தேவாலயத்தில் பழகிய கை. எந்தப் பாட்டை எடுத்தாலும் முதல் நாலு வினாடி ஞாயிற்றுக்கிழமை போலத்தான் தொடங்கும். தாளத்துக்குப் பாண்டிருப்புக்காரர் ஒருவர். கோயில் மேளத்தில் வளர்ந்தவருக்குப் பொங்கோஸ் சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமானாகத் தெரிந்தது. பாடுகிறவருக்குப் பேக்கரியில் வேலை. விடியுமுன் மாவு பிசைந்துவிட்டு வருவார். மேல்சுரத்தில் அவருக்குக் கண் சொருகினால் அது உணர்ச்சியா நித்திரையா என்று எங்களுக்கே தெரியாது. ஆர்மோனியக்காரரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் ஒழுங்காக வாசித்தார்.

ஐந்தாவது ஆள் நான். எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. குலுக்குவதற்கு ஒரு கிலுகிலுப்பையைத் தந்தார்கள். இரண்டாவது நிகழ்ச்சியில் அதையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மிஞ்சியிருந்தது வாய் மட்டும்தான். அதனால் என்னை அறிவிப்பாளர் ஆக்கினார்கள்.

அந்த நாளைய வானொலியைக் கேட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு பாட்டைப் போடுமுன் அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். கல்முனையிலிருந்து இன்னார், இன்னார், அவருடைய சகோதரிகள், மச்சான்மார், அயல்வீட்டு நண்பர்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். சில நாள் பட்டியல் முடிய, பாட்டுக்கு நேரம் போதாது. ஆனால் ஒருவரும் குறை சொன்னதில்லை. தெருவில் பாதிப்பேர் வானொலிக்குப் பக்கத்தில் இருந்தது பாட்டுக்காக அல்ல, தங்கள் பெயர் வருகிறதா என்று கேட்கத்தான்.

நான் அந்த வழக்கத்தை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தேன். விருப்பமானவர்கள் துண்டுத் தாளில் பெயரும் பாட்டும் எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தேன். பாட்டு நடக்கும்போது கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நிற்கிற கூட்டம், பெயர் வாசிக்கும்போது கச்சானை வாயில் வைத்தபடியே நிற்கும். ஒருவனுடைய பெயர் வந்தால் அவனுடைய தெருவே கத்தும். பாண்டிருப்பில் ஒருதரம் தன் பெயரைக் கேட்ட சந்தோசத்தில் ஒருவர் மேடையில் ஏறி எங்கள் ஐந்து பேருக்கும் கைகொடுத்துவிட்டு, தன் பாட்டைக் கேட்காமலே வீட்டுக்குப் போனார்.

ஆனால் தொடக்கத்தில் ஒரு துண்டும் வரவில்லை. யாருக்கும் எங்களைத் தெரியாது. துண்டு வராத குழு என்று பெயர் எடுத்தால் அடுத்த நிகழ்ச்சிக்கு யார் கூப்பிடுவார்கள்? ஆகவே பெயர்களை நானே செய்தேன். வினாயகபுரத்திலிருந்து ஒரு குடும்பம், மருதமுனையிலிருந்து நெசவு செய்யும் நண்பர்கள், ஒலுவிலிலிருந்து ஒரு வாப்பாவும் ஏழு மகன்மாரும். கையில் வெறும் தாளைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரையும் வாசித்தேன். அதைக் கேட்டுச் சனத்துக்கு ஆசை வந்து, உண்மையான துண்டுகளும் வரத் தொடங்கின. குறைந்த இடத்தில் நான் செய்த பெயர்களைப் போட்டு நிரப்பிக்கொண்டேன்.

ஒலுவில்காரர் ஒருவர் ஒருநாள் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"தம்பி, எங்கட ஊரில ஏழு மகன்மார் உள்ள வாப்பா ஒராள்தான். அவர் மௌத்தாகி நாலு வருசம்."

"மகன்மார்தான் கேட்டிரிப்பாங்க காக்கா" என்றேன்.

"வாப்பாவும் விரும்பிக் கேக்கார் எண்டு வாசிச்சீங்களே."

"அது ஞாபகார்த்தமா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். கிற்றார்காரருக்கு வேர்த்துவிட்டது. "மச்சான், இது பாவம்டா" என்றார். அவருக்கு எல்லாம் பாவம்தான். நான் சிரித்தேன்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருந்தேன். பெண்பிள்ளைகளின் பெயரைத் தனியாக வாசிப்பதில்லை. தம்பி தங்கச்சிகளோடு, வாப்பா உம்மாவோடு வந்தால் வாசிப்பேன். காதல் பாட்டு என்றால் அதுவும் இல்லை. நான் பொய்யன்தான், ஆனால் அதே ஊரில் உயிரோடு இருக்க விரும்பிய பொய்யன்.

துண்டுகளைச் சேர்ப்பது மைக் செட்காரரின் வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஒல்லி, றேடியோ திருத்துகிறவர். அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் ஒரு வெறும் பிஸ்கட் ரின்னை வைத்திருப்பார். அதில் விழுகிற துண்டுகளைக் கட்டாக்கி என் கையில் தருவார். பேசமாட்டார். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பதுதான் நான் அவரிடம் கேட்ட மிக நீளமான வசனம்.

அன்று பெருநாளுக்கு அடுத்த நாள். ஊர் முழுக்கக் கடற்கரையில் இருந்தது. அசர் தொழுகை முடிந்ததும் தொடங்கி, மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் நிறுத்திவிட வேண்டும் என்பது எங்களுக்கு விதித்த நிபந்தனை. கயிறு கட்டி அந்தப் பக்கம் பெண்கள் பாய் விரித்து இருந்தார்கள். இந்தப் பக்கம் ஆண்கள். புது சாறன், புது சேட், அத்தர் வாசம், மணல், சர்பத், பலூன். நாலு பாட்டு அருமையாகப் போனது. ஐந்தாவது பாட்டுக்கு நடுவில் கிற்றாரின் கம்பி ஒன்று அறுந்தது.

கிற்றார்காரர் அந்த இடத்திலேயே சப்பணம் கட்டி இருந்துகொண்டு கம்பியை முடிச்சுப் போடத் தொடங்கினார்.

"ரெண்டு நிமிசம் கதை மச்சான்."

"என்னத்தக் கதைக்கிற?"

"நீதானே கதைக்கிறவன்."

வந்த துண்டுகள் எல்லாம் முடிந்துவிட்டன. நான் பெருநாள் வாழ்த்துச் சொன்னேன். பிறகு இன்னொருதரம் சொன்னேன். கடல் அழகாக இருக்கிறது என்று சொன்னேன். கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த ஐந்நூறு பேரிடம் கடல் அழகு என்று சொன்னால் என்ன நடக்கும்? ஒருவர் கூவினார். ஓசியில் பார்க்க வந்த ஒருவர் காசைத் திருப்பித் தரச் சொன்னார். ஒரு கச்சான் கோது வந்து என் நெற்றியில் பட்டது. அது நோகவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் என்ன வருமோ என்ற யோசனை நொந்தது.

எனக்கு முழங்கால் ஆடத் தொடங்கியது. அந்தக் காலத்துப் பெல்பொட்டம் காற்சட்டை இப்படியான நேரங்களுக்குத் தைத்ததல்ல. உள்ளே முழங்கால் ஓர் அங்குலம் ஆடினால் வெளியே துணி ஒரு முழம் ஆடும். முன்வரிசைப் பொடியன்கள் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுக் காற்சட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சேட் பையில் கைவிட்டேன். பஸ் டிக்கட் ஒன்று அகப்பட்டது. அதைத் துண்டு போலப் பிடித்துக்கொண்டு வானொலிக் குரலில் தொடங்கினேன். என் வாய் போன போக்குக்கு நான் பொறுப்பில்லை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

"அடுத்து வரும் பாடலை, இன்ன தெருவில் வசிக்கும் இன்னாருக்காக, தன் பெயரைக் குறிப்பிட விரும்பாத ஓர் அன்பு உள்ளம் விரும்பிக் கேட்கிறது. அந்த உள்ளம் இப்போது இந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறது."

தெருவின் பெயரைச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளையின் பெயரைச் சொன்னேன். பாட்டு காதல் பாட்டு. என் கட்டுப்பாடுகள் அத்தனையும் ஒரே மூச்சில் போய்விட்டன.

ஆண்கள் பக்கம் வெடித்தது. விசில், கைதட்டு, தொப்பிகள் மேலே. ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தார்கள், இவன்தானோ என்று. பெண்கள் பக்கத்தில் சத்தமே இல்லை. பிறகு ஒரு பாயை எடுத்து உதறும் சத்தம் கேட்டது. நாலைந்து பெண்கள் எழுந்து நடந்தார்கள். மஃரிபு கிட்டுகிறதே, போகிறார்கள் என்று நினைத்தேன். கம்பியும் முடிச்சுப் போட்டாகிவிட்டது. பாட்டுத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து பைலா. கூட்டம் மணலைக் கிளப்பிக்கொண்டு ஆடியது. எங்கள் வாழ்க்கையிலேயே அதுதான் சிறந்த நிகழ்ச்சி என்று பாடுகிறவர் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்.

"ஆருடா அந்தப் புள்ள?" என்று கேட்டார்.

"ஒருத்தருமில்ல. நானே செஞ்ச பேர்."

அப்போதுதான் ஆர்மோனியக்காரர் முதன்முதலாக ஒரு விசயத்தைச் சொன்னார். "அந்தத் தெருவில அந்தப் பேரில ஒரு பொம்புளப்புள்ள இரிக்கு."

"எத்தின பேர்?"

"ஒராள்தான்."

அடுத்த நாள் காலை நான் வேலை செய்த துணிக்கடைக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சாறன், கையில் மடித்த குடை. வயல் செய்கிறவர் என்று பாதத்தைப் பார்த்தால் தெரியும். சேட் துணி கேட்டார். அளந்தேன். இன்னொன்றைக் காட்டச் சொன்னார். அதையும் அளந்தேன். கடையில் நின்ற மற்றவர்கள் போகும்வரை அவருக்கு ஒரு துணியும் பிடிக்கவில்லை.

"நேத்து நல்லா வாசிச்சீங்க தம்பி" என்றார். "அந்தத் துண்டத் தாங்க."

"எந்தத் துண்டு மாமா?"

மாமா என்று சொன்ன பிறகுதான் இந்த நேரத்தில் அந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு விளங்கியது. அவர் புருவத்தை உயர்த்தினார்.

"எண்ட மகளுக்கு ஒரு பேச்சு நடக்குது. அக்கரைப்பற்றுப் பக்கத்து இடம். வாற மாசம் காவின் எழுதி நிக்காஹ் முடிக்கிற எண்டு இரிந்த. மாப்பிள வீட்டாக்கள் நேத்து கடற்கரைக்கு வந்திரிக்காங்க. வீட்டுக்குப் போறதுக்கு முந்தி என்னட்ட ஆள் விட்டுக் கேக்காங்க, ஆர் அந்த அன்பு உள்ளம் எண்டு."

நான் செய்த வசனத்தை அவர் வாயால் கேட்டபோது துணி அளக்கும் யார்க்கோலை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"நானும் மகள்ட்டக் கேட்ட. தெரியாதாம். அப்ப ஆர் எண்டு எனக்குத் தெரிய வேணும். துண்டில எழுத்து இரிக்கும். தாங்க."

துண்டே இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருடைய மகளின் பெயர் என் வாய்க்கு எப்படி வந்தது என்று கேட்பார். "காத்துக்குப் பறந்து போயிட்டு" என்றேன்.

"வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சி வீட்ட வாங்க. அதுக்கிடையில எழுதினவன ஞாபகப்படுத்திக்கொண்டு வாங்க" என்றார். போகும்போது இரண்டாவதாக அளந்த துணியை வாங்கிக்கொண்டுதான் போனார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. கோபக்காரன் துணி வாங்கமாட்டான்.

துண்டு பறந்துவிட்டது என்ற செய்தி எனக்கு முன்னால் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. பின்னேரம் கடற்கரையில் ஒரு கூட்டம் குனிந்து தேடிக்கொண்டிருந்தது. இல்லாத ஒன்றைத் தேடுவதில் எங்கள் ஊர்க்காரருக்கு இவ்வளவு ஊக்கம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் பீடிக்கட்டின் லேபிளைக் கொண்டுவந்து இதுவா என்று கேட்டார். இன்னொருவர் கொண்டுவந்தது யாரோ ஒருவருடைய மருந்துச் சீட்டு. தேநீர்க்கடையில் எனக்குக் காசில்லாமல் பிளேன்ரீ கிடைத்தது. "செல்லுங்க தம்பி, நான் ஒருத்தருக்கும் செல்லமாட்டன்" என்று நாலு பேர் தனித்தனியாக என் காதில் சொன்னார்கள். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லச் சொல்ல, எவ்வளவு அழுத்தமான ஆள் என்று என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. அந்தத் தெருப் பொடியன்களில் எழுதத் தெரிந்த எல்லோர் மேலும் சந்தேகம் விழுந்தது. எழுதத் தெரியாத ஒருவனையும் இரண்டு நாள் சந்தேகப்பட்டார்கள். ஆள் வைத்து எழுதியிருப்பானாம்.

பேக்கரிக்குப் பின்னால் நாங்கள் ஐந்து பேரும் கூடினோம்.

"உண்மையச் செல்லு" என்றார் கிற்றார்காரர்.

"உண்மையச் சொன்னா இவ்வளவு நாளும் வாசிச்ச பேரெல்லாம் பொய் எண்டு வரும். பொறகு ஆரு நமக்குத் துண்டு தருவான்?" என்றார் பாடுகிறவர்.

"எங்கட கோயிலில பூக் கட்டிப் பாப்பமா?" என்றார் தாளக்காரர்.

ஆர்மோனியக்காரரிடம் நான் கேட்கவில்லை. அவர் ஏற்கெனவே சொன்னதே எனக்குப் போதும்.

புதன்கிழமை மத்தியானம் பாடுகிறவர் கையில் மாவோடு கடைக்கு ஓடிவந்தார்.

"ஆள் ஆம்பிட்டுட்டான்."

"ஆரு?"

"நம்மட மைக் செட்காரன். அவனே போய் அந்தப் புள்ளட வாப்பாட்ட ஒத்துக்கொண்டுட்டான்."

"என்னத்த ஒத்துக்கொண்ட?"

"துண்டு எழுதினத."

"எந்தத் துண்ட?"

"நீ வாசிச்ச துண்டத்தான்."

"நான் துண்டே வாசிக்கல்லயேடா."

"அதுதான் எனக்கும் விளங்கல்ல" என்று சொல்லிவிட்டு, மாவுக் கையால் தலையைச் சொறிந்தார்.

அன்று முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இரண்டு யார் துணி கேட்டவருக்கு மூன்று யார் வெட்டினேன். இல்லாத துண்டை எழுதியதாக ஒருவர் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? என்னைக் காப்பாற்றவா? என்னோடு ஒரு பிளேன்ரீகூடக் குடிக்காதவர். ஒருவேளை துண்டு இருந்ததோ? சேட் பையைத் தடவிப் பார்த்தேன். பஸ் டிக்கட் இன்னும் இருந்தது. இரண்டு பக்கமும் வாசித்தேன். அதில் ஒரு பெண்பிள்ளையின் பெயரும் இல்லை. பயம் போய்க் குழப்பம் வந்தது. பயத்துக்காவது ஓடலாம். குழப்பத்துக்கு எந்தப் பக்கம் ஓடுவது?

அதைவிடப் பெரிய ஒன்று இரவில் படுத்தபோது உறைத்தது. அக்கரைப்பற்று இடம் பின்வாங்குகிறதாம் என்று ஊர் கதைத்தது. அப்படியானால் அந்தப் பிள்ளையை இந்த மனிதருக்குக் கட்டிவைப்பார்கள். என்னுடைய ஒரு பொய்க்கு மேல் இன்னொருவருடைய பொய் ஏறி இருந்துகொண்டு, இரண்டும் சேர்ந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்யப்போகின்றன. வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஜும்ஆ முடிய அந்த வீட்டுக்குப் போனேன். வாப்பா கதிரையில் இருந்தார். மைக் செட்காரர் வாங்குப் பலகையின் நுனியில், பாதி உடம்பு காற்றில். உள் அறை வாசலில் ஒரு சேலைத் திரை. திரைக்குக் கீழே இரண்டு சோடிப் பாதங்கள். ஒன்று உம்மாவுடையது என்று மதித்தேன். மற்றதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

வாப்பா ஒரு தாளை நீட்டினார். "எழுதினது நினைவிரிந்தா திருப்பி எழுதித் தாங்க எண்டு இவர்ட்ட கேட்ட. எழுதித் தந்திரிக்கார். இந்த எழுத்துத்தானா?"

அழகான எழுத்து. தெரு, பெயர், பாட்டு, எல்லாம் சரி. நான் தாளை மடித்து அவருடைய மடியில் வைத்தேன்.

"எழுத்து இதில்ல. எந்த எழுத்துமில்ல. துண்டே இல்ல மாமா. கம்பி அறுந்திட்டு, சனம் கூவுது, எனக்குப் பயம். நானே ஒரு பேரச் செஞ்சி வாசிச்சிட்டன். அப்பிடி ஒரு புள்ள இரிக்கிற எண்டு எனக்குத் தெரியாது. இவரும் எழுதல்ல, ஒருத்தரும் எழுதல்ல."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மைக் செட்காரர் நிலத்தைப் பார்த்தார். வாப்பா என்னைப் பார்த்தார், ஒலுவில்காரர் பார்த்தது போல.

"நல்ல குணம்" என்றார். "கூட்டாளியக் காப்பாத்த வாறீங்க. ஆனா பொய்."

"ஆணையா செல்றன் மாமா."

"ஆணையிட வேணாம். வெள்ளிக்கிழம."

பெருநாள் முதல் அன்றுவரை நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

திரைக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "வாப்பா, ஒரு கதை."

"செல்லு மகள்."

"இவர் பேர் செய்றவர்தான். அது சரி. ஒலுவில் வாப்பாவும் ஏழு மகன்மாரும், வினாயகபுரத்துக் குடும்பம், எல்லாம் இவர் செஞ்சதுதான். பொம்புளப் பக்கத்தில எல்லாருக்கும் தெரியும். நாங்க அதுக்குச் சிரிக்கிறதுக்குத்தான் போற."

எனக்குக் காது சுட்டது. இரண்டு வருடமாகக் கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பை என் நகைச்சுவைக்குக் கிடைத்த சிரிப்பு என்று நம்பியிருந்தேன்.

"ஆனா இது அவர் செஞ்சதா இரிக்காது" என்றது குரல்.

"எப்பிடிச் செல்றாய்?"

"அவருக்கு இவ்வளவு நல்லாச் செய்ய வராது வாப்பா."

உம்மாவின் பாதங்கள் குலுங்கின. சிரிப்பை அடக்குகிறார் என்று விளங்கியது. வாப்பா சிரிக்கவில்லை. குடையை எடுத்து நிலத்தில் ஊன்றினார். திரையையும் வாங்குப் பலகையின் நுனியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அக்கரைப்பற்று ஆக்களுக்கு நானே செல்லி அனுப்புறன். கேள்வி கேட்ட இடத்தில புள்ளயக் குடுக்கேலாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ என்ன மகள் செல்றாய்?"

"வாப்பாக்குச் சரியெண்டா எனக்கும் சரி" என்றது குரல். ஆனால் வாப்பா இன்னும் சரி என்று சொல்லியே இருக்கவில்லை. அதை அவரும் கவனித்திருக்க வேண்டும். மைக் செட்காரர் பக்கம் திரும்பி, "உம்மாவ வந்து கதைக்கச் செல்லுங்க" என்றார்.

வெளியே வந்ததும் மைக் செட்காரரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன். "பொறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தார். ஆள் பறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

காவின் எழுதிய அன்று எங்களுக்கும் அழைப்பு இருந்தது. பாட்டு வேண்டாம், சாப்பிட வந்தால் போதும் என்று வாப்பா சொல்லியனுப்பியிருந்தார். ஒலிபெருக்கி மாப்பிள்ளையுடையதே. மாப்பிள்ளை உடுப்போடு தென்னையில் ஏணி சாத்தி ஏறி, ஸ்பீக்கரின் வாயைத் திருப்பிவிட்டு இறங்கியதைப் பெண் வீட்டார் வேடிக்கை பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"இப்ப செல்லுங்க" என்றேன். "எண்ட கையில இரிந்தது பஸ் டிக்கட்."

"தெரியும். நான் பக்கத்திலதானே நிண்ட."

"தெரிஞ்சிமா போய் ஒத்துக்கொண்ட?"

"நான் எழுதினதான். போன நோன்புப் பெருநாளைக்கு ஒண்டு. பாண்டிருப்பில ரெண்டு. பொறகும் எழுதின. ஒவ்வொரு தரமும் கட்டுக்கு நடுவில வெச்சித் தந்த. நீங்க எடுப்பீங்க, பாப்பீங்க, அடியில வெச்சிருவீங்க. ஒரு நாளும் வாசிக்கல்ல."

எனக்குக் கை சோற்றிலேயே நின்றது. பெண்பிள்ளையின் பெயர் தனியாக வந்த துண்டுகளை நான் அப்படித்தான் செய்வேன். கண்ணில் பட்டதும் அடியில். அப்படியான துண்டுகள் எத்தனையோ வந்தன.

"அப்ப நான் செஞ்ச பேரில்லயா அது?"

"அதே பேர். அதே தெரு. அதே பாட்டு. அன்பு உள்ளம் மட்டும்தான் உங்கட. நான் ஒரு நண்பர் எண்டுதான் எழுதின."

நான் செய்தேன் என்றால் அப்படியொரு பெண் அதே தெருவில் எப்படி இருந்தாள்? செய்யவில்லை என்றால், என்னிடம் இல்லாத ஒரு துண்டை நான் எப்படி வாசித்தேன்? இன்றைக்கும் இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. அன்று ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அண்டைக்கு அந்தக் கம்பி அறாம இரிந்தா?"

"அடுத்த பெருநாளைக்கும் எழுதியிரிப்பன்" என்றார். "அதுக்கிடையில அவவுக்குக் கலியாணம் முடிஞ்சிரிக்கும்."

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு யாரோ கூப்பிட எழுந்து போனார். நான் அடியில் வைத்த மற்றத் துண்டுகளில் யார் யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயரும் வாய்க்கு வரவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டார்கள். போதும் என்றேன்.